முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மலை

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். என் தொடைகள் இரண்டும் சௌக்கியமில்லை, அவற்றைத் தனியாக விசாரிக்கவும். உன் புது முழங்கால் எப்படி இருக்கிறது? பழையதைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

போனில் கூப்பிட்டால் உன் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். எனக்குச் சொல்ல வேண்டியதோ மானக்கேடான விஷயம். அதனால்தான் கடிதம்.

நேற்றுக் காலை ஒரு பெண்மணி என்னை ஓட்டத்தில் தோற்கடித்துவிட்டார். அவர் ஓடவில்லை, நடந்தார். இரட்டைக் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, காதில் போனை இடுக்கிக்கொண்டு நடந்தார். ஓடியது நான்.

விஷயம் இதுதான். அக்டோபரில் துறைமுக ஊரில் மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஐம்பத்தொரு வயதில் ஒருவன் செய்யக்கூடிய எத்தனையோ முட்டாள்தனங்களில் இதுதான் கொஞ்சம் மரியாதையானது என்று பெயர் கொடுத்துவிட்டேன். போன வாரம் அவர்கள் அனுப்பிய நோட்டீஸைக் கடையில் வைத்துப் பார்த்தால், முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் நானூற்றுப் பத்து மீட்டர் ஏற்றம்! எங்கள் ஓட்டக் கோஷ்டிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவரிடம் சொன்னேன். அந்த மனுஷன் முகம், சொத்தைப் பல்லைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"நானூத்திப் பத்தா? சார், அப்ப நீங்க சமதளத்துல ஓடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. வாரத்துக்கு ஒரு நாள் மேடு ஏறுங்க."

எங்கள் ஊரில் மேடு என்றால் தண்ணீர்த் தொட்டி மேடு ஒன்றுதான். அடிவாரத்தில் பேக்கரி, உச்சியில் தொட்டி. ஏறும்போது ஓட வேண்டும், இறங்கும்போது நடக்க வேண்டும். அது ஒரு தடவை. முதல் வாரம் நான்கு தடவை. நான் இரண்டாவது தடவையிலேயே ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் ஏழு முறை குனிந்தேன். அந்தப் பெண்மணி போனில், "ஒரு நிமிஷம் இருடி" என்று சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "சார், வீட்ல யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணுமா?"

குழந்தைகளில் ஒன்று டாட்டா காட்டியது.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

நீ வைத்த பெயருக்கு இன்னும் விசுவாசமாக இருக்கும்,
பூதக்கண்ணாடி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது, ஆனால் பரவாயில்லை. உன் தொடைகளை நான் விசாரித்ததாகச் சொல்.

பல்லியைப் பார்த்துவிட்டு முதலை என்று கத்தியவன் நீ. அதனால் அந்தப் பெண்மணி ஒரு குழந்தையைத்தான் தள்ளியிருப்பார் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டேன். துறைமுக ஊரில் முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் மலையா? ஓகோ. சரி, சரி.

என் கதை இது. மகள் வீட்டில் எனக்குக் கொடுத்திருப்பது துணி துவைக்கிற மெஷின் இருக்கும் அறை. மெஷின் கடைசிச் சுற்றில் ஆடும்போது என் கட்டிலும் சேர்ந்து ஆடும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் காரின் பின்புறம். குறை சொல்லவில்லை, தங்கமாகப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் நேற்றுச் சொல்லிவிட்டாள்:

"அம்மா, மூணாவது மாடி இனிமே வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில அக்ரிமென்ட் முடியுது. புதுப்பிக்க வேண்டாம்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடவா?"

என் தையல் அறையைத்தான் சொல்கிறாள். ஐம்பத்தேழு படி, லிஃப்ட் கிடையாது. இருபது வருஷமாக இந்த ஊர் நர்ஸுகள் போட்டுக்கொள்ளும் உடுப்பெல்லாம் அந்த அறையில் நான் வெட்டியது. துணி வெட்டுகிற மேஜை உனக்கு ஞாபகமிருக்கும், எட்டடி. தச்சர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து செய்தது. வாசல் வழியாக வெளியே வராது. அறையை விட வேண்டுமென்றால் மேஜையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"தனியா, யாரும் பிடிக்காம, அம்பத்தேழும் ஏறிக் காட்டு, விட்டுடறேன்" என்கிறாள். இப்போது நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறேன். நடுவில் ஒரு இடத்தில் நின்று ஓய்வெடுக்கிறேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கேலி செய்யாதே. மேடு எப்படி ஏறுவது? பல் டாக்டர் சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் எழுது.

உன் மனைவிக்கு என் அன்பு. கடையில் கண்ணாடி போட்டுக்கொள்கிறாயா, இல்லை இன்னும் அழகு பார்க்கிறாயா?

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கையைத் தவிர மற்ற எல்லா உறுப்பும் வலித்ததால் ஒரு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம். கண்ணாடி போடவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் மூக்கில் படிக்கிற கண்ணாடியோடு நின்றால், இருபது வயசுப் பையனுக்கு எப்படி ஸ்டைல் பிரேம் விற்பது? கைகள் நீளமாக இருக்கும்வரை எனக்குக் கண்ணாடி தேவையில்லை. காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் போதும்.

மேடு ஏறும் சாஸ்திரம் கேட்டாய். நேற்று டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

முதலாவது, உச்சியைப் பார்க்கக் கூடாது. "உச்சியப் பாத்தா கால் பயந்துடும் சார்" என்கிறார். நாலு அடி முன்னால் தரையைப் பார்த்தால் போதும். எட்டு சின்னதாக வைக்க வேண்டும். வேகத்தைப் பற்றிக் கவலையே கூடாது. மூச்சு ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வாய் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்க வேண்டும். இந்த விதிப்படி பார்த்தால் உலகத்திலேயே சிறந்த மேடேறி அந்தக் குழந்தை வண்டிப் பெண்மணிதான். அப்புறம் கை. கால் சோர்ந்தால் கையை வீசு, கால் வெட்கப்பட்டுப் பின்னாலேயே வரும். ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் கூட்டக் கூடாது. ஏறிய மறுநாள் ஓய்வு.

நேற்று ஐந்து ஏறினேன். ஐந்தாவதில் உச்சியில் தொட்டிக் காவலாளி எனக்கு நாற்காலி போட்டார். நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டாதே. அறுபத்திரண்டு வயசு அக்காவுக்கு மலையேற்றம் சொல்லித் தருகிறான் என்று என்னை உறவிலிருந்தே நீக்கிவிடுவாள்.

உன் முழங்காலுக்கு என் மரியாதை.

பூதக்கண்ணாடி


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். இந்த ஊரில் வெயில் ஏறிவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

மகள் வீட்டுப் பின்வாசலில் நாலு படி இருக்கிறது. அவள் ஆபீஸ் போனதும், மாப்பிள்ளை காரை எடுத்துக்கொண்டு போனதும், நான் அங்கே போய்விடுகிறேன். கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல், நாலு அடி முன்னால் பார்த்தேன். நாலு அடி முன்னால் சுவர்தான் இருக்கிறது. அதனால் அடுத்த படியைப் பார்த்தேன். எட்டு எங்கே சின்னதாக வைப்பது, படி படியளவுதானே இருக்கும்? ஆனால் மூச்சு விஷயம் சரி. வாய் பேச முடிகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு படிக்கும் நர்ஸ் உடுப்பு அளவு ஒன்றைச் சொல்லிக்கொண்டே ஏறினேன். தோள் பதினைந்து, மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டு, நீளம் நாற்பது. நாலு படி ஆனது. நாலு படி நான் ஏறியது டிசம்பருக்குப் பிறகு முதல் தடவை.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாருக்கு அளவு எடுக்கறீங்க?" என்று கேட்டாள்.

ஏறிவிட்டேன், சரி. இறங்குவதுதான் பெரிய பாடு. முதல் நாள் மேலேயே நின்றுவிட்டேன். தபால்காரர் வந்து கை கொடுத்தார். இறங்குவதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? அதையும் விவரமாக எழுது. நீ இப்போது எத்தனை தடவை ஏறுகிறாய்?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு படி! வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உங்க அக்கா உங்களுக்கு முன்னாடி மாரத்தான் முடிச்சுடுவாங்க" என்றாள். இதைத்தான் பாராட்டு என்று நான் வைத்துக்கொண்டு வாழ்கிறேன்.

என் பக்கம் எல்லாம் அமோகம். இப்போது எட்டுத் தடவை. மேடு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்றே சொல்லலாம். அடிவாரத்துப் பேக்கரியில் ஆறரைக்கு ரொட்டி வெளியே வரும், ஏழுக்குப் பன், ஏழேகாலுக்கு அந்த வெண்ணெய் பிஸ்கட். வாசலில் மரப் பெஞ்சு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மேடு முழுசும் தெரியும். ஓடுகிறவர்களின் லட்சணம் எல்லாம் அங்கிருந்து நன்றாகப் படிக்கலாம்.

இறங்குவதைக் கேட்டாய். அது ரொம்ப லேசு அக்கா. பயம்தான் பாரம். டாக்டர் கடைசித் தடவை மட்டும் ஓடியே இறங்குவார். இரண்டு கையையும் பறவை மாதிரி விரித்து விட்டுவிடுவார், உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்வார், கால் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கவே அழகு. பிடித்துக்கொண்டு இறங்கினால்தான் முட்டிக்கு வலி. விட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. நானும் இப்போது அப்படித்தான்.

மாப்பிள்ளை சௌக்கியமா? பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா?

பூதக்கண்ணாடி


மே 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்ட இரண்டு கார்டும் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நலமாகத்தான் இருக்கிறேன். பேத்திக்கு இரண்டு பல்.

ஏப்ரல் கடைசியில் பின்வாசலில் இறங்கும்போது உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இடுப்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பெரிய ஒட்டு போட்ட மாதிரி இருந்தது, இப்போது மஞ்சளாகிவிட்டது. மகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். பின்வாசல் இப்போது பூட்டியிருக்கிறது. சாவி அவள் கைப்பையில்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என் தையல் அறைக்குப் போய் மேஜையை அளந்துகொண்டு வந்தார். நல்ல மனுஷன். "நடுவுல ஒரே ஒரு அறுப்பு அத்தை, ரெண்டு டேபிளா ஆயிடும்" என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. இறங்கும்போது நீ எந்தக் கையை முதலில் விடுகிறாய்? நான் வலது கையை விட்டேன். அதுதான் தப்பு என்று நினைக்கிறேன். எழுது.

அக்கா


மே 27

அக்கா,

நலம் விசாரிக்கிற தகுதி இன்று எனக்கு இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தக் கையையும் நான் விட்டதில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு நான் மேடே ஏறவில்லை.

ஆறாவது தடவையில் மூச்சு முட்டி, பாதியில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். அதற்கு அடுத்த வாரம், "முட்டி வலி" என்று சொல்லிவிட்டுப் பேக்கரிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி வலி என்று சொன்னேன் அக்கா, நிஜமாகவே முட்டி மாற்றிக்கொண்ட உனக்குத் தம்பியாக இருந்துகொண்டு. அப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் அதே பெஞ்ச். ரொட்டி எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசிக்கவேயில்லையா? கையை விரித்து இறங்கும் கதையை, பன் தின்றுகொண்டே பார்த்து எழுதினேன். நீ படித்துச் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ கம்பியை விடுவாய் என்று நினைக்கவில்லை.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை, ஏற்கெனவே கழுவியதை, மறுபடியும் கழுவினாள். அப்புறம் வந்து, "நாளைக்குப் புதன்கிழமை" என்றாள். அவ்வளவுதான்.

போகிறேன். இனிமேல் நான் செய்ததை மட்டும் எழுதுவேன். ஒன்று என்றால் ஒன்று.

உன் மகளிடம் பேசட்டுமா? தப்பு என்னுடையது என்று சொல்கிறேன்.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் உன் முட்டியும் சுகமா?

படித்ததும் கோபம் வந்தது. மெஷின் கடைசிச் சுற்று முடிகிறவரை கோபமாகவே இருந்தேன். அப்புறம், நீ வாயில் பன்னோடு பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரை வேடிக்கை பார்க்கிற காட்சி கண்ணுக்கு வந்துவிட்டது. சிரித்துவிட்டேன். மகள் ஓடி வந்து, "என்னம்மா, வலிக்குதா?" என்றாள்.

அவளிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். அவள் பயத்தில் கத்துகிறாள். நான் ஆபரேஷனுக்குள் போனபோது அவள் வெளியே என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மாப்பிள்ளை சொன்னார்.

இனி நான் உனக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டுக்கு வருகிற பிசியோ பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி அவள் சொன்னதை எழுத மாட்டேன். விதி இதுதான்: ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயாளிக் கால் முதலில். கம்பியை விடவே கூடாது. நடுவில் நின்றால் அவமானம் இல்லை. அவளே மகளிடம் பேசிச் சாவியை வாங்கிவிட்டாள். இப்போது புதன்கிழமைகளில் அவள் என்னை என் கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு போகிறாள். பத்தொன்பது படிக்கு ஒரு மாடி. போன வாரம் பதினொன்று ஏறினேன்.

நீயும் புதன், நானும் புதன். நீ எத்தனை தடவை, நான் எத்தனை படி. பொய் எழுதினால் கையெழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

உன்னை மன்னித்துவிட்டேன். என்னையும் ஒரு நாள் நீ மன்னிக்க வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜூலையில் போட்ட கார்டுகள் எல்லாம் கிடைத்தன. பதினாறு, பத்தொன்பது, இருபத்தேழு, முப்பத்தெட்டு. கடையில், கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு பெரியவர் அதையும் சேர்த்துப் படித்துவிட்டார். "அடுத்தது என்ன?" என்று கேட்டார். ஐம்பத்தேழு என்றேன்.

என் கணக்கு: இரண்டு, மூன்று, மூன்று, நான்கு, மழை, ஐந்து, ஆறு, ஏழு. மழை என்பது மழைதான், அவளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம்.

உண்மையாக ஏறினால் எழுதுவதற்கு ஒன்றுமே இருப்பதில்லை அக்கா. வேடிக்கையான விஷயமெல்லாம் பெஞ்சில்தான் இருக்கிறது. மேட்டில் அடுத்த அடி இருக்கிறது, அதற்கடுத்த அடி இருக்கிறது. நான் மூச்சுக்கு உன் நர்ஸ் அளவுகளைச் சொல்லிக்கொள்கிறேன். தோள் பதினைந்து, மார்பு முப்பத்தெட்டு. குழந்தை வண்டிப் பெண்மணி காதில் அது விழுந்துவிட்டது. அவரிடம் என் அக்காவைப் பற்றி அவசர அவசரமாக விளக்க வேண்டியதாயிற்று. குழந்தைகள் நிஜமாகவே இரண்டுதான். நான் கூட்டிச் சொல்லவில்லை. இப்போது அவை இரண்டும் நடக்கின்றன.

இறங்குவது லேசு என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும். ஏற்றத்தில் மூச்சுதான் போகிறது, இறக்கத்தில் தொடையே போகிறது. வியாழக்கிழமைகளில் கடை ஸ்டூலில் உட்காரும்போது, "அம்மா" என்று ஒரு சத்தம் என்னிடமிருந்து வருகிறது. வாடிக்கையாளர்கள் விலையைப் பார்த்துத் தாங்கள்தான் கத்திவிட்டோமோ என்று திடுக்கிடுகிறார்கள்.

இன்னும் நாலு வாரம்தான் உனக்கு. அவசரப்படாதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, அவசரப்படு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொள், அது போதும்.

பூதக்கண்ணாடி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல், பார்க்கலாம். எட்டடி மேஜையில். தூசி தட்டவில்லை, காகிதத்துக்கு அடியில் சாக்பீஸ் பொடி நெறுநெறு என்கிறது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு எல்லோரும் கட்டடத்துக்கு வந்தோம். மகள், மாப்பிள்ளை, பேத்தி, பிசியோ பெண், கையில் அக்ரிமென்ட்டோடு வீட்டுக்காரம்மா. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாதிரி ஒரு கூட்டம். மாப்பிள்ளை ஒரு பை கொண்டுவந்திருந்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. ரம்பம்தான், பிடி வெளியே தெரிந்தது.

யாரும் தொடக் கூடாது என்று பேச்சு. மகள் எனக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோல்கீப்பர் மாதிரி வந்தாள். முதல் மாடி பத்தொன்பது, நின்றேன். இரண்டாவது முப்பத்தெட்டு, நின்றேன். கொஞ்சம் அதிகமாகவே நின்றேன். வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, "அவ்வளவுதானா?" என்றாள். மகள் திரும்பிக் கத்தினாள், "எங்கம்மா மூச்சு வாங்கறாங்க, உங்களுக்கு என்ன அவசரம்?"

அந்தச் சத்தத்துக்கு ஏழு படி தானாக ஏறினேன்.

ஐம்பத்து நாலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். உச்சியைப் பார்க்கவில்லை. படியைப் பார்த்தேன். நீ ஏழாவது தடவையில் பாதி மேட்டில் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று வெள்ளிக்கிழமை, நீ கடையில்தான் இருந்திருப்பாய். பரவாயில்லை, மேட்டில்தான் வைத்துக்கொண்டேன். ஐம்பத்தேழு.

கதவைத் திறந்ததும் மகள்தான் முதலில் அழுதாள். நான் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். உன் ஷூ கயிறு வித்தைதான். ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மீதி நாள் அவள் வீட்டில். ரம்பத்தை மாப்பிள்ளை பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபருக்கு என் வாழ்த்து. வெறும் வயிற்றில் ஓடாதே.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கால் நகம் இரண்டு கறுத்துவிட்டது. மற்றபடி நலம்.

ஓடி முடித்துவிட்டேன்! ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிஷம். பரிசு கொடுத்த மேடையை அதற்குள் பிரித்துவிட்டார்கள். ஒரு பையில் கடைசி ஐந்து மெடல் வைத்துக்கொண்டு ஒரு பெண் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பித்தான் வாங்கினேன்.

இவ்வளவு நேரம் ஏன் ஆனது என்று கேட்பாய். சொல்கிறேன், மானத்தை விட்டுத்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் மலைக்காகக் காலை மிச்சம் பிடித்தேன். முதல் கிலோமீட்டரிலிருந்தே மிச்சம் பிடித்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவர் தாண்டிப் போனார். 'போங்க போங்க, மலை வரட்டும், அங்க பேசிக்கலாம்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முப்பது வந்தது. முப்பத்தொன்று வந்தது. கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கிடங்குகள், நடுவில் ரோடு. முப்பத்து மூன்றில் தண்ணீர் கொடுத்த ஆளிடம் கேட்டேன்.

"அண்ணே, மலை எங்க?"

"எந்த மலை?"

"நானூத்திப் பத்து மீட்டர் மலை."

அவர் என்னை நிழலில் உட்காரச் சொன்னார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் கடையிலிருந்தே ஒரு படிக்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து என் மூக்கில் மாட்டி, நோட்டீஸை முன்னால் வைத்தாள். அக்கா, நாலுக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி இருந்தது. நாலு புள்ளி பத்து மீட்டர். அது வாய்க்கால் பாலமாம். நான் தாண்டியதே எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாசம் அக்கா! இல்லாத மலைக்கு எட்டு மாசம்! இப்போது அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பார்த்தால், இத்தனை நாள் என் கையெழுத்து இவ்வளவு அசிங்கமாகவா இருந்தது? ஏன் சொல்லவில்லை?

பூதக்கண்ணாடி


அக்டோபர் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நகத்தை வெட்டாதே, தானாக விழும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய தம்பி எனக்கு இருக்கிறான் என்று கட்டடத்தில் மூன்று மாடிக்கும் சொல்லியாயிற்று.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டாய். அதைச் சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று சொல்லவில்லை. இன்னொன்றையும் அதே காரணத்துக்காகத்தான் சொல்லவில்லை. பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் நீ மேட்டுப் பக்கமே போயிருக்க மாட்டாய், நான் யாரைப் பார்த்து ஏறியிருப்பேன்? மன்னிக்க வேண்டியிருக்கும் என்று எழுதினேனே, அது இதுதான்.

நர்ஸ் உடுப்புத் துணி எனக்குத் துறைமுக ஊர் மொத்தக் கடையிலிருந்துதான் வரும். இருபது வருஷமாக மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நானே போய் வாங்கி, மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நீ ஓடிய அதே கடற்கரை ரோட்டில் ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டு வருவேன். வழியில் வண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, போய் டீ குடித்துவிட்டு வருவேன். சக்கரத்துக்கு ஒரு கல்கூட வைத்ததில்லை. விட்ட இடத்திலேயே நிற்கும்.

அக்கா